வீட்டிலேயே மார்ஷ்மெல்லோ ஃபான்டன்ட்: பினாங்குச் சமையலறைகளிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்தநாளுக்கும் மஞ்சள் நீராட்டு விழாவுக்கும் வீட்டிலேயே கேக் செய்து, அதன் மேல் ஃபான்டன்ட் போர்த்தி அலங்கரிக்க விரும்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நமக்குக் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை குளிர்ந்த, வறண்ட நாடுகளின் சமையலறைகளில் உருவானவை. அவற்றின் அளவுகளைக் கடற்காற்று வீசும் நம் தீவில் அப்படியே பின்பற்றினால் பசை இளகிப்போகும். ஃபான்டன்டில் நேரும் சிக்கல்களில் பெரும்பகுதி ஈரத்தால் வருபவை என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே, கீழே எதைப் பற்றிப் பேசினாலும் பேச்சு ஈரத்தைத் தொட்டே செல்லும்.

மார்ஷ்மெல்லோ ஃபான்டன்ட் என்பது என்ன? கடையில் டப்பாவில் விற்பதிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது?

ஃபான்டன்ட் என்பது மெல்லியதாகத் தேய்த்துக் கேக்கின் மேல் சுருக்கமின்றிப் போர்த்தப்படும் சீனிப் பசை. சீனி, குளுக்கோஸ் பாகு, ஜெலத்தின், கொழுப்பு, கிளிசரின் ஆகியவை அதில் வழக்கமாகச் சேர்பவை. மார்ஷ்மெல்லோவில் இவற்றுள் முதல் மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன. எனவே அதை உருக்கி, ஐசிங் சீனியையும் சிறிது கொழுப்பையும் சேர்த்துப் பிசைந்தாலே பசை தயாராகிவிடுகிறது. ஜெலத்தின் பசைக்கு இழுபடும் தன்மையைத் தருகிறது. குளுக்கோஸ் பாகு, சீனி மீண்டும் மணிமணியாகப் படிந்துவிடாமல் தடுக்கிறது. ஐசிங் சீனி உருவத்தைத் தாங்குகிறது.

சுவையில் வீட்டுப் பசையே மேல் என்பேன். வெனிலா மணத்தோடு மென்மையாக இருப்பதால் குழந்தைகள் அதை உரித்துத் தட்டோரத்தில் ஒதுக்குவதில்லை. ஆனால் கூர்மையான விளிம்புகள் கொண்ட பல அடுக்குத் திருமணக் கேக்குக்குக் கடைப் பசையின் உறுதி வேண்டியிருக்கும். அத்தகைய வேலைக்கு இரண்டையும் சரிபாதியாகச் சேர்த்துப் பிசைந்துகொள்ளலாம்.

என்னென்ன பொருள்கள் தேவை? எவ்வளவு?

வெள்ளை மார்ஷ்மெல்லோ 450 கிராம், ஐசிங் சீனி 900 கிராம், தண்ணீர் 2 மேசைக்கரண்டி, வெள்ளை ஷார்ட்டனிங் (அறை வெப்பத்தில் கெட்டியாக இருக்கும் சமையல் கொழுப்பு) ஏறக்குறைய 100 கிராம். பல செய்முறைகளில் தண்ணீர் 3 மேசைக்கரண்டி என்று இருக்கும். இங்கே இரண்டோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. ஷார்ட்டனிங்கின் பெரும்பகுதி கையிலும் பாத்திரத்திலும் மேசையிலும் தடவுவதற்கே செலவாகும். மழைக்கால மாலையில் பிசைவதாக இருந்தால் இன்னும் 100 கிராம் ஐசிங் சீனியைக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவில் 1.3 கிலோவுக்குச் சற்று மேல் பசை கிடைக்கும்.

நம் பேரங்காடிகளில் மார்ஷ்மெல்லோ பெரும்பாலும் சிறு பொட்டலங்களாக வருவதால், பொட்டலத்தை எண்ணாமல் எடை பார்த்து வாங்குங்கள். சிறிய வகை சீராக உருகும். இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்த பொட்டலத்தை வாங்கினால் வெள்ளையை மட்டும் பிரித்தெடுங்கள். உள்ளே ஜாம் அல்லது சாக்லெட் நிரப்பியவை இதற்கு உதவா.

ஐசிங் சீனியைக் கடையிலேயே வாங்குவது நல்லது. வீட்டு மிக்சியில் அரைத்த சீனி எவ்வளவு சலித்தாலும் நறநறக்கும். அந்த நறநறப்பு பசையிலும் தெரியும். கடையில் கிடைப்பதில், கட்டி தட்டாமலிருக்கச் சிறிது சோளமாவு கலந்திருப்பார்கள்; அது நமக்கு உதவியே. பொட்டலத்தைப் பிரித்து நாள்கணக்கில் திறந்து வைத்த சீனி காற்றின் ஈரத்தைக் குடித்துக் கட்டியாகியிருக்கும். அதை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

மார்ஷ்மெல்லோ பொட்டலத்தில் ஹலால் முத்திரை இருக்கிறது. அப்படியென்றால் நம் வீட்டு விருந்துக்கு ஏற்றதுதானே?

இந்தக் கேள்விக்கு நின்று நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மில் பலர் கவனிக்காமல் கடந்துவிடும் இடம் இது. மார்ஷ்மெல்லோவைப் பிடித்து நிறுத்தும் ஜெலத்தின் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. பன்றி, மாடு, மீன் ஆகிய மூன்றிலிருந்தும் அது வருகிறது. மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் ஹலால் முத்திரை அந்தப் பொருள் இஸ்லாமியர் உண்ணத்தக்கது என்பதற்கு உறுதி. அதில் மாட்டு ஜெலத்தின் இல்லை என்பதற்கு அன்று. ஹலால் முறையில் அறுக்கப்பட்ட மாட்டின் ஜெலத்தின் அதே முத்திரையோடு வரலாம். மாட்டிறைச்சியைத் தவிர்க்கும் இந்துக் குடும்பங்களும், அதே வழக்கமுடைய சீன அண்டை வீட்டாரும் இதை அறிந்திருப்பது முக்கியம்.

மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறைகள், மாடு அல்லது பன்றியிலிருந்து பெறப்பட்ட பொருள் கலந்திருந்தால் அதை உறையில் குறிப்பிட வேண்டும் என்கின்றன. ஆகவே பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். மலாய் மொழியில் 'லெம்பு' என்றிருந்தால் மாடு. 'ஈக்கான்' என்றிருந்தால் மீன். மீன் ஜெலத்தினால் ஆன மார்ஷ்மெல்லோ மாட்டையும் பன்றியையும் தவிர்ப்பவர்களுக்குப் பொருந்தும், ஆனால் அது சைவம் ஆகாது. புரட்டாசி மாதத்திலோ தைப்பூச விரத நாள்களிலோ பிறந்தநாள் வந்தால் மீன் ஜெலத்தினும் கூடாது. அப்போது தாவரப் பொருளால், பெரும்பாலும் கடற்பாசிச் சத்தான கராகீனனால், செய்யப்பட்ட மார்ஷ்மெல்லோவைத் தேட வேண்டும். அழைக்கப்படுகிறவர்களில் எல்லா இனத்தவரும் இருக்கும் பினாங்கு விருந்துக்கு, தாவர வகையும் ஹலால் முத்திரையும் சேர்ந்து அமைந்த பொட்டலம் கிடைக்குமானால், விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அதையே நான் பரிந்துரைப்பேன். வீட்டுக்கு வந்தவர் ஒருவர் கேக் தட்டைத் தொடாமல் வைத்துவிட்டுப் போவது அந்த விலை வித்தியாசத்தைவிடப் பெரிய குறை.

இவற்றின் நடத்தையிலும் வேறுபாடு உண்டு. மீன் ஜெலத்தின் மாட்டு ஜெலத்தினைவிடக் குறைந்த வெப்பத்திலேயே இளகும். எனவே அந்தப் பசையைக் குளிரூட்டப்பட்ட அறையில் கையாளுங்கள். தாவர வகை மெதுவாக உருகும், அதிகம் ஒட்டும், இழுத்தால் எளிதில் கிழியும். பிசையும்போது 1 தேக்கரண்டி சிஎம்சி தூள் (பசையை இறுக்கும், உண்ணத்தக்க தூள்) சேர்த்தால் பசைக்கு இழுவை கூடும்.

தாவர மார்ஷ்மெல்லோ கிடைக்கவில்லை. வேறு வழி உண்டா?

உண்டு, அதற்கு மார்ஷ்மெல்லோவே வேண்டாம். கால் கப் தண்ணீரில் 2 தேக்கரண்டி அகார் அகார் தூளைக் கலந்து, முழுவதும் கரையும்வரை நன்றாகக் கொதிக்கவிட்டு, அரைக் கப் குளுக்கோஸ் பாகு, 1 மேசைக்கரண்டி கிளிசரின், 2 மேசைக்கரண்டி ஷார்ட்டனிங் சேர்த்து, ஆறுவதற்கு முன்பே ஏறக்குறைய 900 கிராம் ஐசிங் சீனியில் ஊற்றிப் பிசைய வேண்டும். அகார் அகார் அறை வெப்பத்திலேயே உறையும் என்பதால் கை வேகமாக நடக்க வேண்டும். ஜெலத்தின் பசை அளவுக்கு இது நீளாது. ஆகவே சற்றுத் தடிப்பாகத் தேய்த்து, சிறிய கேக்குகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

செய்முறையை விளக்க முடியுமா?

அகலமான கண்ணாடிப் பாத்திரத்தின் உட்புறம் முழுவதும் ஷார்ட்டனிங் தடவி, மார்ஷ்மெல்லோவைப் போட்டுத் தண்ணீரைத் தெளியுங்கள். மைக்ரோவேவில் 30 வினாடி வைத்து எடுத்து, ஷார்ட்டனிங் தடவிய கரண்டியால் கிளறி, மீண்டும் 30 வினாடி வையுங்கள். கட்டிகள் கரைந்து வழவழப்பாகும்வரை இப்படியே செய்தால் போதும். மைக்ரோவேவ் இல்லாதவர்கள் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்கலாம். ஆனால் நீராவி உள்ளே புகாதபடி கவனிக்க வேண்டும். எந்த முறையானாலும், உருகிய பிறகும் அடுப்பிலேயே விட்டுவிடாதீர்கள். நீண்ட நேரச் சூட்டில் ஜெலத்தின் வலுவிழக்கும். அந்தப் பசை பின்னால் எவ்வளவு சீனி போட்டாலும் இழுபடாது.

உருகிய கலவையில், சலித்த ஐசிங் சீனியின் முக்கால் பங்கைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கரண்டியால் கிளறுங்கள். கிளற முடியாத அளவுக்குக் கெட்டியானதும், கைகளிலும் மணிக்கட்டுவரையிலும் ஷார்ட்டனிங் தடவிக்கொண்டு, ஷார்ட்டனிங் பூசிய மேசையில் கலவையைக் கொட்டிப் பிசையத் தொடங்குங்கள். நடுப்பகுதி கடுமையாகச் சுடும் என்பதால் முதலில் ஓரங்களை உள்ளே மடித்து மடித்துச் சேர்ப்பது பாதுகாப்பு. குழந்தைகளை இந்தக் கட்டத்தில் அருகே விட வேண்டாம். மீதிச் சீனியை ஒரே முறையில் கொட்டாமல், ஒட்டும் இடங்களில் மட்டும் தூவிப் பிசையுங்கள். எட்டுப் பத்து நிமிடத்தில் பசை ஒன்றுதிரண்டு வரும்.

பதம் வந்துவிட்டது என்பதை எப்படி அறிவது?

ஒரு துண்டை இரண்டு கைகளாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். உடனே அறுந்தால் காய்ந்திருக்கிறது. அரைத் தேக்கரண்டி தண்ணீரோ சிறிது ஷார்ட்டனிங்கோ சேர்க்க வேண்டும். அறுபடாமல் தொங்கித் தானே நீண்டால் ஈரம் மிகுதி, சீனி வேண்டும். சில அங்குலம் நீண்டு நின்று, விரலால் அழுத்திய தடம் மெதுவாக மேலெழுந்தால் அதுதான் பதம். இருப்பினும் சூடான பசையை வைத்து இறுதி முடிவு எடுக்காதீர்கள். சூட்டில் எல்லாப் பசையும் இளக்கமாகத்தான் தெரியும். மேலே ஷார்ட்டனிங் தடவி, நெகிழிப் படலத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு வைத்துவிட்டு மறுநாள் காலையில் பிசைந்து பாருங்கள். செய்த அன்றே போர்த்துவதை நான் ஊக்குவிப்பதில்லை. இரவு முழுவதும் அடங்கிய பசையில் சீனி ஈரத்தைச் சீராக வாங்கியிருக்கும், தேய்க்கும்போது கீறலும் குறையும்.

கேக்கின் மேல் பசை வியர்க்கிறது, பளபளக்கிறது, வழிகிறது. ஏன்?

சீனி காற்றிலுள்ள நீரை ஈர்க்கும் இயல்புடையது. பினாங்கில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. மாலை மழை பெய்து ஓய்ந்ததும் இன்னும் ஏறுகிறது. அத்தகைய காற்றில் திறந்து வைத்த ஃபான்டன்டின் மேற்பரப்பு நீரை வாங்கிக் கரையத் தொடங்குகிறது. நாம் காணும் பளபளப்பும் பிசுபிசுப்பும் அந்த மெல்லிய பாகுப் படலமே.

சன்னல்களை மூடி, குளிரூட்டியை ஓடவிட்ட அறையில் வேலை செய்வதே முதல் மருந்து. குளிரூட்டி அறையைக் குளிர்விப்பதோடு காற்றிலுள்ள நீரையும் பிரித்து வெளியேற்றுவதால் பசையின் மேற்பரப்பு காய்ந்திருக்கும். குளிரூட்டி இல்லாத வீடுகளில், வெயில் ஏறிய, மழை இல்லாத முற்பகல் வேளையைத் தேர்ந்தெடுத்து, மின்விசிறியைப் போட்டுக்கொண்டு வேலையை முடியுங்கள். சமையலறையில் அந்த நேரத்தில் சோறு வடிப்பது, இட்லி அவிப்பது போன்ற நீராவி வேலைகள் வேண்டாம். கிளிசரின் சேர்ப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள். வறண்ட நாடுகளில் பசை காயாமலிருக்க அதைச் சேர்க்கிறார்கள், ஆனால் கிளிசரினும் ஈரத்தை ஈர்ப்பதே. நம் காற்றில் அது எதிர்வேலை செய்யும்.

ஏற்கெனவே வியர்த்த கேக்கைத் துணியாலோ காகிதத்தாலோ ஒற்றி எடுக்க வேண்டாம். தொட்ட இடமெல்லாம் தடம் விழும். குளிரூட்டப்பட்ட அறையில் மின்விசிறிக் காற்றுப் படும்படி தொடாமல் விட்டுவிட்டால் பெரும்பாலும் தானே காய்ந்துவிடும்.

விளிம்பில் கீறல் விழுகிறது. என்ன செய்யலாம்?

அது வறட்சி. சீனியோ சோளமாவோ அதிகமாகிவிட்டது, அல்லது தேய்த்த பிறகு பசையை நீண்ட நேரம் திறந்து வைத்துவிட்டீர்கள். சிறிது ஷார்ட்டனிங்கை விரல் நுனியில் எடுத்து வட்டமாகத் தேய்த்தால் சிறு கீறல்கள் மறையும். பெரிய கீறலுக்கு அலங்காரப் பூ ஒன்றே மருந்து.

பசைக்கு அடியில் எந்தப் பூச்சு நிற்கும்?

பலரும் ஃபான்டன்டிலேயே கவனத்தை வைத்து அடிப்பூச்சைக் கைவிட்டுவிடுகிறார்கள். விப்பிங் கிரீம், பழக் கலவை, தயிர்க் கிரீம் போன்ற நீர் மிகுந்தவற்றின் மேல் ஃபான்டன்ட் நிற்காது, அடியிலிருந்தே கரைந்துவிடும். வெண்ணெய் 32 பாகை செல்சியஸை ஒட்டி உருகத் தொடங்குவதால், முழுக்க வெண்ணெயால் ஆன பட்டர்கிரீம் நம் பிற்பகல் வெப்பத்தில் தளர்ந்து, பசையையும் இழுத்துக்கொண்டு கீழே சரியும். வெண்ணெயில் பாதிக்கு ஷார்ட்டனிங் சேர்த்தால் ஓரளவு தாங்கும்.

நம் ஊருக்குப் பொருத்தமானது கனாஷ். கறுப்புச் சாக்லெட் இரண்டு பங்குக்குக் கிரீம் ஒரு பங்கு. வெள்ளைச் சாக்லெட் என்றால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு, கொளுத்தும் வெயில் நாளில் நான்குக்கு ஒன்று. இந்த அளவில் கலந்து, ஆறவைத்து, கேக்கின் மேல் பூசி, ஓர் இரவு குளிர்ந்த அறையில் விட்டால் பக்கங்கள் கல்லாக இறுகும். மறுநாள் அதன் மேல் தண்ணீரை மிக மெல்லியதாகத் தூரிகையால் தடவிவிட்டுப் பசையைப் போர்த்துங்கள். தண்ணீர் ஒட்டுவதற்கு மட்டுமே. வழியும் அளவுக்கு இருக்கக் கூடாது.

எவ்வளவு பசை வேண்டும்? எப்படிப் போர்த்துவது?

கேக்கின் விட்டத்தோடு உயரத்தை இருமுறை கூட்டுங்கள். 20 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. உயரமும் உள்ள கேக்குக்கு 40 செ.மீ. வட்டம் தேவை, கைக்கு 5 செ.மீ. கூட்டி 45 செ.மீ. ஆகத் தேய்க்க வேண்டும். 3 மி.மீ. தடிப்புக்கு ஏறக்குறைய 700 கிராம் ஆகும். புதிதாகப் பழகுகிறவர்கள் 4 மி.மீ. தடிப்பில் ஏறக்குறைய 930 கிராம் எடுத்துக்கொண்டால் கிழியும் அச்சம் குறையும்.

மேசையில் சோளமாவை மெல்லத் தூவி, பசையைத் திருப்பித் திருப்பி நகர்த்தித் தேய்த்து, உருட்டுக்கட்டையில் சுற்றி எடுத்துக் கேக்கின் நடுவில் விரியுங்கள். முதலில் மேற்பரப்பைத் தடவி, பிறகு மேல் விளிம்பை அழுத்தி, அதன் பின்பே பக்கங்களுக்கு வாருங்கள். பாவாடை மடிப்பாக விழும் இடங்களைக் கீழ்நோக்கி இழுக்காமல், வெளியே விரித்துவிட்டு உள்ளங்கையால் கேக்கோடு சேர்த்து ஒட்டுங்கள். காற்றுக் குமிழ் தென்பட்டால் மெல்லிய ஊசியைச் சாய்வாகச் செருகிக் காற்றை வெளியேற்றித் தடவிவிடலாம்.

நிறம் சேர்ப்பதற்கு எது ஏற்றது?

நீர்த்த சாயம் பசையை இளக்கிவிடும். ஜெல் வகையைப் பல் குச்சி நுனியில் எடுத்துச் சேர்த்துப் பிசையுங்கள். பசை முழுவதும் ஒரே நிறமானால், மார்ஷ்மெல்லோ உருகிய நிலையிலேயே சேர்ப்பது கைக்கு எளிது. அடர்சிவப்பும் கறுப்பும் ஒரே மூச்சில் வருவதில்லை. அவற்றை முதல் நாளே கலந்து வைத்தால் இரவில் நிறம் ஏறும், சாயமும் மிச்சமாகும். கறுப்புக்கு முதலில் கொக்கோ தூள் சேர்த்துப் பழுப்பாக்கிக்கொண்டால் சாயத்தின் கசப்பு நாக்கில் தட்டாது.

செயற்கைச் சாயத்தை விரும்பாதவர்களுக்கு நம் ஊரிலேயே நல்ல வழி இருக்கிறது. சீன, மலாய்ச் சமையல் கலந்த ஞோஞா பலகாரங்களுக்கு நீலம் ஏற்றும் சங்குப்பூவை மிகக் கெட்டியாகக் கொதிக்கவைத்து வடிகட்டி, செய்முறையிலுள்ள 2 மேசைக்கரண்டி தண்ணீருக்குப் பதிலாக அதையே ஊற்றினால் வெளிர்நீலம் கிடைக்கும். அதோடு எலுமிச்சைச் சாறு சில துளி சேர்ந்தால் ஊதா நிறமாகும். கூடுதல் நீர் சேராமலே நிறம் வந்துவிடுவது இந்த முறையின் சிறப்பு.

மல்லிகை, தாமரை, மயில் போன்ற உருவங்களை இந்தப் பசையிலேயே செய்யலாமா?

செய்யலாம், ஆனால் 250 கிராம் பசைக்கு 1 தேக்கரண்டி சிஎம்சி தூள் சேர்த்துப் பிசைய வேண்டும். இல்லையேல் இதழ்கள் வாடித் தொங்கிவிடும். செய்த உருவங்களை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் அடியில் ஒட்டிய டப்பாவில், அந்தப் பொட்டலங்களில் படாதபடி வைத்து, இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். மாங்காய் வடிவ ஓரங்களுக்கும் கோலப் புள்ளிகளுக்கும் சாதாரணப் பசையே போதும். தங்கப் பொடி தூவுவதாக இருந்தால் உறையைப் படித்து, உண்ணத்தக்கது என்று எழுதப்பட்டதை மட்டும் வாங்குங்கள். நச்சற்றது என்று மட்டும் எழுதப்பட்ட பொடி உணவுக்கு உரியதன்று; அதைக் கழற்றி எடுத்துவிடும் அலங்காரங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

முடித்த கேக்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா? மண்டபத்துக்கு எப்படிக் கொண்டுபோவது?

கனாஷ் பூசிய கேக்கைக் குளிரூட்டப்பட்ட அறையில் ஓர் இரவு வைத்திருக்கலாம். கெட்டுப்போகும் உள்ளீடு இருந்தால் குளிர்சாதனப் பெட்டி கட்டாயம். அப்போது கேக்கை அட்டைப் பெட்டியில் இட்டு, நெகிழியால் மூடி வையுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும்போது பெரும்பாலும் எதுவும் ஆகாது; வெளியே எடுத்துத் திறக்கும் கணத்தில்தான் வெளிக்காற்றின் நீர் குளிர்ந்த பசையின் மேல் பனியாகப் படிகிறது. ஆகவே வெளியே எடுத்த பிறகு, அறை வெப்பத்துக்கு வரும்வரை அட்டைப் பெட்டியைத் திறக்காதீர்கள். பனி பெட்டியின் மேல் படியட்டும்.

பட்டர்வொர்த்திலிருந்து பாலம் கடந்து ஜோர்ஜ்டவுனுக்குக் கொண்டுவருகிறவர்கள், மாலை நெரிசலில் கார் நின்றுவிடும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். காரின் குளிரூட்டியைக் கால் மணி நேரம் முன்பே ஓடவிட்டு, கேக்கைச் சாய்வான இருக்கையில் அல்லாமல் சமமான தரைப்பகுதியில், வழுக்காத விரிப்பின் மேல் வைத்துக் கொண்டுவாருங்கள். மேல் உருவங்களை மண்டபத்துக்கு வந்த பின் ஒட்டுவது நல்லது. மேசையில் வைக்கும்போது விளக்குகளின் நேர்ச்சூடு படாத இடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மீந்த பசை எத்தனை நாள் இருக்கும்?

ஷார்ட்டனிங் தடவி, இரண்டு சுற்று நெகிழிப் படலம் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் குளிர்ந்த அலமாரியில் இரண்டு வாரம் நன்றாக இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் அதைவிட நீண்ட நாள் வரும். மீண்டும் எடுக்கும்போது சுற்றிய படலத்தோடு அறை வெப்பத்துக்கு வரவிட்டு, பிறகு மைக்ரோவேவில் 5 முதல் 10 வினாடி இளக்கிப் பிசையுங்கள். புளித்த மணமோ பூஞ்சையோ தெரிந்தால் வெட்டியெடுத்துப் பயன்படுத்த முயலாமல் முழுவதையும் எறிந்துவிடுங்கள்.

இரவில் எறும்பு வராமல் எப்படிக் காப்பது?

அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கவிழ்த்த கிண்ணத்தின் மேல் கேக் பெட்டியை வைப்பதே நம் வீடுகளின் பழைய முறை. அது இன்றும் பலிக்கிறது. பெட்டி மூடியிருக்க வேண்டும், தண்ணீர் அதன் அடியைத் தொடக் கூடாது. பெட்டியின் மூலைகள் சுவரில் உரசினால் எறும்பு அந்த வழியாக ஏறிவிடும் என்பதால், மேசையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.